மண்டபம் பார்க்கப் போகும்போது மணி என்ன?

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் கல்யாண மண்டபம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் காலை பத்து, பதினொரு மணிக்குத்தான் கிளம்புவார்கள். ராகு காலம், எமகண்டம் பார்த்து, டிபன் முடித்து, கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் எந்த மண்டபமும் லட்சணமாகத்தான் இருக்கும். தரை துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. மேனேஜர் ஓய்வாக இருப்பார். ஏ.சி.யை ஐந்து நிமிஷம் போட்டுக் காட்டுவார். வாசலில் வண்டி விடத் தாராளமாக இடம் இருக்கும். பிடித்துப்போய் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ரிசப்ஷன் நடக்கப்போவதோ சாயந்திரம் ஆறரைக்கு மேல். அந்த நேரத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

நான் பிறந்தது தண்டையார்பேட்டை, வாழ்க்கைப்பட்டது புதுவண்ணாரப்பேட்டை. அக்கா மகள் கல்யாணம், அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம், தம்பியின் கேரம் போட்டி, பக்கத்து வீட்டுக் காதணி விழா என்று மண்டபம் தேடும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. இப்போது தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், “அக்காவ ஒரு வார்த்த கேட்டுடுங்க” என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: விசேஷம் ஞாயிறு சாயந்திரம் என்றால், ஏதாவது ஒரு ஞாயிறு சாயந்திரம் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் பேச்சு அதற்கப்புறம்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு டி.எச். ரோட்டை, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மண்டபம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. புதுக் கட்டடம், அகலமான மேடை, கையைக் கடிக்காத வாடகை. காலையில் பார்த்தபோது பக்கத்தில் ஷட்டர் இறக்கிய கடை ஒன்று இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. பதினொரு மணிக்குப் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் ஷட்டர். நானும் அத்தானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிவாக்கில் எதிர்ப்பக்க டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு உள்ளே யாருக்கோ ரிசப்ஷன். மண்டப கேட்டுக்கு நேர் எதிரே முட்டை, சுண்டல், வறுவல் விற்கும் தள்ளுவண்டி. அதைச் சுற்றி பைக்குகள். பட்டுப்புடவை கட்டி வந்த பெண்கள் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து போனார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், கையில் பெரிய பரிசுப் பொட்டலமும் கைத்தாங்கலாக ஒரு பாட்டியுமாக, வரிசையாக வந்த கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தாண்ட முடியாமல் நாங்கள் டீ குடித்து முடிக்கிறவரை நின்றது. அத்தான் கிளாஸை வைத்தார். “வா, போலாம்” என்றார். அந்த மண்டபத்தைப் பற்றி அதற்குமேல் வீட்டில் யாரும் பேசவில்லை.

டீக்கடையில் உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைக்காரருக்கு உங்களிடம் எதையும் விற்கவேண்டிய அவசியம் இல்லை. மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா, கரண்ட் போனால் எவ்வளவு நேரத்தில் வரும், விசேஷத்தன்று கார்களை எங்கே விடுவார்கள், போலீஸ் வந்து எடுக்கச் சொல்வார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் நிஜம் வந்துவிடும். “பார்க்கிங்கா? அந்த கிரவுண்டுலதான் வுடுவாங்க. ஆனா சண்டே பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க” என்று ஒருவர் எனக்குச் சொன்னார். மேனேஜர் அதே கிரவுண்டைக் காட்டித்தான் ‘நாற்பது கார் நிற்கும்’ என்று சொல்லியிருந்தார்.

வடசென்னை நெட்டுக்கு நீண்டு கிடக்கிற ஊர். கிழக்கே கடல். மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் இருக்கிற சாலைகளில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியோடு போட்டி போட்டுத்தான் நாம் போய்வர வேண்டும். அதனால் எங்கள் ஊரில் ஒரு மண்டபம் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. நடுவில் ரயில்வே கேட் இருக்கிறதா, சுரங்கப்பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொருக்குப்பேட்டைப் பக்கம் கேட் போட்டுவிட்டால் எப்போது திறப்பார்கள் என்று சொல்லமுடியாது. மின்சார ரயில் போகும், அடுத்து எக்ஸ்பிரஸ் போகும், அதன் பின்னால் ஒரு கூட்ஸ் ஆடி அசைந்து வரும். மாப்பிள்ளை கார் கேட்டுக்கு அந்தப் பக்கமும் மேளக்காரர்கள் இந்தப் பக்கமுமாக நின்ற கதை எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. காலை முகூர்த்தம் என்றால் மணமக்கள் வீட்டிலிருந்து வருகிற வழியில் கேட் இல்லாத மண்டபமாகப் பார்த்துவிடுங்கள், அல்லது முதல் நாள் ராத்திரியே இரண்டு வீட்டாரும் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். வியாசர்பாடிப் பக்கம் மண்டபம் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மனதில் வையுங்கள். ஒரு நல்ல மழைக்கு அது மூழ்கும், சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும்.

மெட்ரோ வந்தபிறகு என் கணக்கு ரொம்பவே மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. மீனம்பாக்கம், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை என்று அந்தக் கோட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் ஏறின வண்டியிலேயே வந்து தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ இறங்கிவிடலாம். கோயம்பேடு, அண்ணா நகர்க்காரர்கள் சென்ட்ரலில் ஒரு தடவை மாறினால் போதும். முன்பெல்லாம் ‘வடசென்னையிலா, அவ்வளவு தூரமா’ என்று முகத்தைச் சுளித்தவர்கள்கூட இப்போது வந்துவிடுகிறார்கள். அதனால் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற மண்டபத்துக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. பத்திரிகையில் ‘இந்த ஸ்டேஷனில் இறங்கி, இந்தப் பக்க வாசலில் வெளியே வரவும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் பாதி போன் குறையும். நடக்கிற தூரத்தை ஒருமுறை நீங்களே ராத்திரி ஒன்பதரைக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு இல்லாத சந்து வழியாகத்தான் வழி என்றால் அது பத்து நிமிஷத் தூரமானாலும் தூரம்தான்.

பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறோம், நல்லது. கூடவே ஊர்க் காலண்டரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆவணி நல்ல முகூர்த்த மாதம். ஆனால் விநாயகர் சதுர்த்தி முடிந்து சிலைகளைக் கரைக்கிற ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் ஊர்வலங்கள் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அந்தச் சாலைகளில் விசேஷம் வைத்தால் வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். மாசியில் திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில் பிரம்மோற்சவம். தேரோட்டம் அன்று தேரடிப் பக்கம் மண்டபம் எடுத்தால் புண்ணியம் கிடைக்கும், வண்டி விட இடம் கிடைக்காது. புரட்டாசியில் சௌகார்பேட்டையிலிருந்து திருப்பதிக் குடை ஊர்வலம் கிளம்புகிற நாளில் யானைக்கவுனி, சூளை, ஓட்டேரி பக்கமெல்லாம் ஜன சமுத்திரம். புரட்டாசியில் கல்யாணம் குறைவுதான், ஆனால் நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று ஏதாவது வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்களில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் மண்டபம் என்றால் ஞாயிறு காலை மீன் வாங்க வருகிற கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கூட்டம் கொஞ்சம் இளைக்கும்.

இன்னொன்று, சொல்லலாமா என்று யோசித்துச் சொல்கிறேன். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் மண்டபம் என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மாலை மாற்றுகிற நேரத்தில் வெளியே சாவு மேளம் போனால், அதை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுகிற அத்தை ஒருத்தி எல்லா வீட்டிலும் இருப்பாள்.

சரி, உள்ளே போவோம். மேடை, சாண்ட்லியர், செல்பி எடுக்கிற மூலை எல்லாவற்றையும் மேனேஜரே காட்டுவார். நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போவேன்.

எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் விருந்து என்றால் பிரியாணி. எனவே வாடகை கேட்பதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி, அசைவம் போடலாமா என்பது. கோயில் அறக்கட்டளைகள், சில சமூகத்தார் சங்கங்கள் நடத்துகிற மண்டபங்களில் சைவம் மட்டும்தான். சிலர் ‘டைனிங்கில் போடலாம், சமைக்கக் கூடாது’ என்பார்கள். சிலர் சமைக்கவும் விடுவார்கள், ஆனால் விறகு கூடாது, கேஸ் மட்டும் என்பார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் என்னவென்று ஒரு பிரியாணி மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் புரியும். அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிறவரை சைவம், மத்தியானம் பிரியாணி என்று முடிவு. நாங்கள் பேசி வைத்திருந்த பாய் ஒரு மண்டபத்துக்கு வந்தார். ஹாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் எந்த வேகத்தில் விழுகிறது என்று பார்த்தார். சாக்கடை மூடியைக் காலால் தட்டினார். வாசல் கதவை இரண்டு கையாலும் அளந்து, “தேக்சா உள்ள வராது” என்றார், பிரியாணி அண்டாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். அப்புறம் அண்ணாந்து பார்த்தார், மேலே தகரக் கூரை. “இதுக்குக் கீழ விறகு வெச்சா பசங்க மயங்கி வுழுந்துடுவானுங்க. தம்முக்கு மூடி மேல கங்கு போடணும்மா, காத்து வேணும். கேஸ்லயும் போடலாம், வரும். ஆனா அது வேற பிரியாணி.” அவர் மொத்தமாக இருந்தது கால் மணி நேரம். நாங்கள் ஒரு வாரம் அலசியும் பார்க்காத விஷயங்கள் அத்தனையும் அதில் வந்துவிட்டன.

சமையல்கட்டு கீழேயும் பந்தி இரண்டாவது மாடியிலும் இருக்கிற மண்டபங்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். மனை குறுகல், அதனால் மேலே மேலே கட்டுகிறார்கள். சாம்பார் வாளியைப் படியில் தூக்குவது ஒன்று. பிரியாணி தேக்சாவைத் தூக்குவது வேறு. லிப்டில் ஏற்ற விடமாட்டார்கள். இரண்டு ஆள் கம்பு கொடுத்துத் தூக்கிப் படியேறும்போது எதிரே விருந்தாளி இறங்கிக்கொண்டிருப்பார். சாமான் ஏற்ற தனிப் படி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி ஏற்றக் கூடுதலாக ஆள் பேசவேண்டியிருக்கும், அந்தச் செலவை வாடகையோடு சேர்த்துப் பார்த்தால் மலிவு மண்டபம் மலிவாக இருக்காது.

நேரமும் அப்படித்தான். பெரும்பாலான மண்டபங்கள் முதல் நாள் மத்தியானம் மூன்று மணியிலிருந்து மறுநாள் மூன்று மணிவரை தருகின்றன. மத்தியானம் பிரியாணி என்றால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போதே இரண்டரை ஆகிவிடும். அடுத்த பார்ட்டியின் டெக்கரேஷன்காரர் ஏணியோடு வாசலில் நிற்பார். பாத்திரம் கழுவிக் கொடுக்கும்வரை நேரம் உண்டா, ஒரு மணி நேரம் தாண்டினால் எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டால் எல்லா மேனேஜரும் ஹாலில் இருக்கிற நாற்காலியைச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது பந்தி எண்ணிக்கை. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, துடைத்து அடுத்த இலை போட அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு பேர் வருவார்கள், பந்தியில் நூறு பேர்தான் உட்காரலாம் என்றால் ஆறு பந்தி, மூன்று மணி நேரம். ரிசப்ஷனுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் வருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பந்திதான் ஓடும். மிச்சப் பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க நிற்பார்கள். எனக்குச் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதைப்போல் எரிச்சல் தருவது வேறில்லை. அறுநூறு பேருக்கு நூற்றைம்பது இலையாவது ஒரே நேரத்தில் விழவேண்டும். அது முடியாத மண்டபத்தில் பத்திரிகையைக் குறைவாகக் கொடுங்கள், அல்லது வேறு மண்டபம் பாருங்கள். பஃபே போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். வயதானவர்கள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்னும் சில கேட்டரிங்காரர்கள் அந்தத் தாள் சுருளோடு வருகிறார்கள். அபராதம் வந்தால் மண்டபம் உங்கள் டெபாசிட்டில்தான் கழிக்கும்.

பெண்கள் கழிப்பறையை நான் தவறாமல் திறந்து பார்ப்பேன், கூட வருகிற ஆண்கள் சங்கடப்பட்டாலும் சரி. எத்தனை இருக்கிறது, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, புடவையை, கைப்பையை மாட்ட ஒரு கொக்கியாவது இருக்கிறதா, மேற்கத்திய பாணியில் ஒன்றாவது உண்டா. முழங்கால் வலிக்காரர்கள் அந்த ஒன்று இல்லையென்றால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மணமகள் அறை எந்த மாடியில் என்றும் பாருங்கள். கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க, தொட்டில் கட்ட ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டால் மேனேஜர்கள் முதலில் விழிப்பார்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும், கேட்காதவரை அங்கே சமையல்காரர் சாமான் வைத்திருப்பார்.

மழை. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த எங்களுக்கு இதை விளக்கவேண்டாம். பேஸ்மென்ட்டில் பந்தி இருக்கிற மண்டபத்தை அந்த இரண்டு மாதங்களுக்கு நான் தொடவே மாட்டேன். மற்ற மாதம் என்றாலும் பேஸ்மென்ட்டின் பின்சுவரை ஒருமுறை பாருங்கள். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் தண்ணீர் நின்ற கோடு மங்கலாகத் தெரியும். பிளக் பாயின்ட் எல்லாம் தோள் உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், கட்டடமே சொல்லிவிட்டது. ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, கரண்ட் போனால் ஏ.சி.யும் லிப்டும் அதில் ஓடுமா, வெறும் லைட்டும் ஃபேனும் மட்டுமா, டீசல் யார் கணக்கு, மணிக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடலாம். மழைக்காலத்தில்தான் கல்யாணம் என்று ஆகிவிட்டால் தரைத்தளம் நான்கைந்து படி ஏறிப் போகிறமாதிரி இருக்கிற பழைய மண்டபம், பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும், எனக்கு உசத்தி. கூடவே சாய்வுப் பலகை ஒன்று போட முடியுமா என்று பார்த்துக்கொள்வேன், சக்கர நாற்காலிக்கு.

வாசல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளையோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வீடியோ விளக்கின் மின் ஒயரிலிருந்து பிடித்த நெருப்பு. அதைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து மண்டபத்தில் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பல இடங்களில் இரண்டாவது படிக்கட்டு இருக்கும். அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி, கீழ்க் கதவுக்குப் பூட்டும் போட்டிருப்பார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் வாட்ச்மேன் ஊருக்குப் போயிருப்பார். அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லி, திறந்தபிறகுதான் நான் அட்வான்ஸ் பேசுவேன். இதில் மட்டும் எனக்கு ‘பரவாயில்லை’ கிடையாது.

கச்சேரி வைக்கிற வீடுகளில் இன்னொரு விஷயம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. மூடிய ஹாலுக்கு விலக்கு உண்டு, ஆனால் சத்தம் வெளியே போகக் கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். கானா கச்சேரி ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும். மண்டபம் ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்தால் பாடகரைப் பேசுவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. வாடகை ஒரு லட்சம் என்றால் ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் சேர்ந்து 1,18,000. பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்துகிற பொதுக் கோயில், தேவாலயம், தர்கா வளாகத்து மண்டபத்தின் ஒரு நாள் வாடகை பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் அந்த வரி இல்லை. கரண்ட்டுக்குத் தனி மீட்டர். சாவி வாங்கும்போதே மீட்டர் எண்ணை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள், யூனிட்டுக்கு எவ்வளவு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கிளீனிங், குப்பை, ஏ.சி., வாட்ச்மேன் என்று பின்னால் வருகிற உருப்படிகளையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தேதி மாறினால் அல்லது நின்றுபோனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் முகூர்த்தம் தள்ளிப்போனபோது ஒரு மண்டபத்தார் எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் அட்வான்ஸை வேறு தேதிக்கு மாற்றித் தந்தார்கள், இன்னொரு மண்டபத்தார் போனையே எடுக்கவில்லை. டெக்கரேஷனும் கேட்டரிங்கும் மண்டபத்து ஆட்களிடமே எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்களா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் பாய் உள்ளே வரமுடியாது.

இதெல்லாம் கல்யாணக் கணக்கு. தம்பியும் அவன் நண்பர்களும் நடத்துகிற கேரம் போட்டிக்கு இடம் தேடியபோது இதில் பாதி தலைகீழாகிவிட்டது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்று வந்தபிறகு, தெருவுக்குத் தெரு பெண் குழந்தைகளும் போர்டு முன்னால் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை கிளப் அறையிலும் மொட்டை மாடியிலும் நடந்த போட்டிக்கு அந்த இடம் போதவில்லை. மண்டபம்தான் வேண்டும் என்றான் தம்பி. ஆடி மாதம் பார்த்தோம். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆடி ஞாயிற்றில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், விடிகாலையிலிருந்து மைக் செட் அலறும். ஸ்டிரைக்கர் அடிக்கிற சத்தம் ஆடுகிறவனுக்கே கேட்காது.

மேனேஜர் பெரிய ஹாலைக் காட்டினார். தம்பி தலையாட்டினான், நான் விடவில்லை. கேரமுக்கு ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தனி விளக்கு தொங்கவேண்டும். இருபதடி உயரக் கூரையில், அதுவும் பொய்க்கூரை போட்ட இடத்தில், எதில் மாட்டுவது? ஃபேன் போட்டால் பவுடர் பறக்கும், நிறுத்தினால் வேர்த்து விரல் வழுக்கும். கீழே பந்தி ஹால் இருந்தது. தாழ்வான கூரை, வரிசையாகத் தூண்கள். தூணுக்குத் தூண் கம்பி இழுத்து விளக்கைத் தொங்கவிடலாம். சின்ன இடம் என்பதால் ஏ.சி. சீக்கிரம் குளிரும். தரை மட்டமாக இருந்தது, ஸ்டாண்டு ஆடாது. போர்டு என்னவோ 74 சென்டிமீட்டர் சதுரம்தான், ஆனால் ஆடுகிறவர், நடுவர், நடக்கிற வழி எல்லாம் சேர்த்து ஒரு போர்டுக்கு எட்டடிக்கு எட்டடி வேண்டும். பதினாறு போர்டுக்கு ஆயிரம் சதுர அடியும் கொஞ்சமும். பந்தி ஹாலில் தாராளமாக வந்தது. வாடகையும் பாதி. நாற்காலிதான் சிக்கல். மண்டபத்தில் இருந்ததெல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்துக் காயை அடிக்கும்போது முழங்கை இடிக்கும். கையில்லாத நாற்காலியை வாடகைக் கடையிலிருந்து தனியாக இறக்கினோம். இறுதி ஆட்டத்தை மட்டும் மேலே மேடையில் வைத்து, ஒரு கேமராவைப் போர்டுக்கு நேர் மேலே கட்டித் திரையில் காட்டினார்கள். பெற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நூறு, நூற்றைம்பது பேர் விசேஷத்துக்கு மண்டபமே வேண்டாம் என்று சில சமயம் நானே சொல்லிவிடுவேன். மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் எங்கள் வார்டுகளிலேயே இருக்கின்றன, வாடகை தனியார் மண்டபத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், விளக்கு, பாத்திரம், நாற்காலி என்று என்னென்ன இருக்கும் என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பேத்திக்குக் காதணி விழா வருகிறது. அவர்கள் மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம். கீற்று வேண்டாம், பந்தலைத் தகரத்தில் போடச் சொல்லுங்கள், அடுப்பு மாடியில் கூடாது, படிக்கட்டில் ஒரு செருப்புகூட இருக்கக் கூடாது, முட்டி வலி அத்தைகளுக்குக் கீழ்வீட்டுக் கூடத்திலேயே இலை போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஷாமியானாக்காரர் நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு அளவெடுக்க வருகிறார். காலையில் வருகிறேன் என்றுதான் சொன்னார். விழா சாயந்திரம், மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் எப்படித் தட்டி கட்டுவது என்று கேட்டதும் நேரத்தை மாற்றிக்கொண்டார்.